குழி விழுந்த மெத்தை

ஜூலை 9

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கே அம்மா, அப்பா, நான், கடையில் இருக்கும் மெத்தைகள் எல்லோரும் சுகம். நீ சுகமாக இருக்கிறாய் என்று அம்மா தெருவில் போகிறவர்களை நிறுத்திச் சொல்லிக்கொண்டிருப்பதால் உன்னைத் தனியாக விசாரிக்கவில்லை.

இந்தக் கடிதம் அம்மாவின் உத்தரவு. நீ விடுதிக்குத் திரும்பிய மறுநாள் நாம் போனில் போட்ட சண்டைக்கு இதுதான் தீர்ப்பு. "இனிமே ரெண்டு பேரும் போன்ல பேசக் கூடாது. ஏதாவது சொல்லணும்னா எழுதுங்க. கை வலிச்சாலாவது நிறுத்துவீங்க" என்று பேனாவையும் தாளையும் தட்டுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டாள். எழுதினால்தான் சோறு என்று அர்த்தம்.

பஸ் ஏற்றிவிட நான் வரவில்லை என்பதுதானே உன் கோபம்? வயிற்று வலி என்று சொன்னேன். வலி இல்லை, எரிச்சல். நீ எழுதிய அதே நுழைவுத் தேர்வை நானும் எழுதினேன். உனக்கு முதல் தடவையிலேயே இடம் கிடைத்தது. எனக்கு இல்லை என்று தெரிந்த அதே வாரத்தில் உன் பெட்டியை நான் தூக்கிவர, நீ பஸ் சன்னலில் உட்கார்ந்து கையாட்ட, நான் கீழே நின்று பதிலுக்கு ஆட்ட வேண்டுமா? போய்ச் சேர்ந்துவிட்டாய் அல்லவா, அது போதும்.

மெத்தைக் கடையில் சேர்ந்துவிட்டேன். வருகிறவர்கள் பலருக்கு முன்பின் தெரியாதவர்கள் எதிரில் படுத்துப் பார்க்கக் கூச்சம். அதற்காக நானே முதலில் செருப்பைக் கழற்றிவிட்டுப் படுத்து, புரண்டு, "பாருங்க சார், முதுகு எப்படி நேரா நிக்குது" என்று காட்ட வேண்டும். அம்மா இதை வெளியே சொல்வதில்லை. "சின்னவன் வியாபாரத்துல இருக்கான்" என்கிறாள். உன்னைப் பற்றி மட்டும் மூச்சு விடாமல் பேசுகிறாள்.

அங்கே நாளெல்லாம் என்ன செய்கிறாய் என்று அம்மா கேட்கச் சொன்னாள். எனக்குத் தெரிய வேண்டாம். அவளுக்காக எழுது.

கட்டாயத்தின் பேரில் அன்புடன்,
தம்பி


ஜூலை 21

அன்புள்ள பூசணிக்கு,

நான் நலம். ரொம்ப நலம். அம்மாவின் முழங்கால் எப்படி இருக்கிறது? அப்பா லாரியில் வெளியூர் போகும்போது மாத்திரையை மறக்காமல் எடுத்துக்கொள்கிறாரா?

என் நாளைக் கேட்டாயே, சொல்கிறேன். காலை ஐந்தரைக்கு எழுகிறேன். விடுதிக்குப் பின்னால் இரண்டு பக்கமும் மரம் வைத்த பாதை இருக்கிறது. அதில் ஒரு சுற்று நடை. அப்படியே பல்கலைக்கழக நீச்சல் குளம். ஈரத் தலையோடு அறைக்கு வந்து இரண்டு வாழைப்பழம், ஒரு முட்டை. பகலில் கணித வகுப்புகள். மாலையில் நூலகம். இருட்டியதும் போனை அலமாரியில் வைத்துப் பூட்டிவிட்டு, பத்து மணிக்கெல்லாம் தூக்கம். அம்மா கூப்பிட்டு நான் எடுக்காவிட்டால் அதனால்தான். கவலைப்பட வேண்டாம் என்று சொல்.

இந்த வருஷம் அறை மாறிவிட்டது. கூட ஒருத்தி இருக்கிறாள். சன்னல் பக்கத்துக் கட்டில் அவளுடையது, அதனால் அவளுக்கு நான் வைத்த பெயர் சன்னல் கட்டில்காரி. அவள் சமாசாரம் வேறு. விடிய விடியப் போனைத் தடவிக்கொண்டிருப்பாள். விடிந்ததும் போர்வையை இழுத்துத் தலையோடு மூடிக்கொள்வாள். வகுப்புக்குப் போவதில்லை. சாப்பாட்டுக் கூடத்துக்கு இறங்கிப் போகச் சோம்பல்பட்டு பிஸ்கட்டிலேயே காலம் தள்ளுகிறாள். தலை சீவி எத்தனை நாளாயிற்றோ. பார்க்கப் பாவமாக இருக்கிறது.

நீயும் நேரத்துக்குச் சாப்பிடு.

அன்புள்ள,
அக்கா


ஆகஸ்ட் 5

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதம் வந்ததிலிருந்து இந்த வீட்டில் ஒருவருக்கு மட்டும் சுகமில்லை. அது நான்.

அம்மா உன் நாளை மனப்பாடம் செய்துவிட்டாள். நான் எழுந்து பல் தேய்க்கும்போது, "என் பொண்ணு இந்நேரம் நீந்தி முடிச்சு வந்து வாழைப்பழம் சாப்பிட்டுட்டிருக்கும்" என்கிறாள். கடைக்குக் கிளம்பும்போது, "என் பொண்ணு வகுப்புல இருக்கும்." நான் போனைக் கையில் எடுத்தால் போதும், "அங்க அலமாரியில வச்சுப் பூட்டியாச்சு" என்று என் கையைப் பார்த்துச் சொல்கிறாள். நீ அங்கே இருந்துகொண்டே என்னை இங்கே வாழ விடமாட்டேன் என்கிறாய்.

பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு ஒரு முடிவுக்கு வந்தேன். நீ ஐந்தரை என்றால் நான் ஐந்து. நீ ஒரு சுற்று நடந்தால் நான் இரண்டு. மைதானத்துக்குப் பக்கத்தில் இருக்கும் நீச்சல் குளத்தில் பெயர் கொடுத்துவிட்டேன். முதல் நாள் மூக்கில் தண்ணீர் ஏறி உச்சந்தலை வரை எரிந்தது. கண்ணில் நீர் கொட்ட, சுவரைப் பிடித்துக்கொண்டு அரை மணி நேரம் நின்றேன். உனக்கும் முதல் நாள் இப்படித்தான் இருந்ததா? யாரும் ஏன் இதை முன்கூட்டியே சொல்வதில்லை?

உன் சன்னல் கட்டில்காரிக்கு என்ன கேடு? அவளுக்குக் கிடைத்திருப்பது யாருடைய இடம் தெரியுமா? என்னுடையது. நான் இங்கே பிளாஸ்டிக் உறை போட்ட மெத்தையில் படுத்துப் பிழைக்கிறேன். அந்த மகாராணி அங்கே சும்மா படுத்திருக்கிறாள். தண்ணீரை முகத்தில் கொட்டி எழுப்பு. சோம்பேறிகளுக்குப் பாவம் பார்க்காதே.

நீச்சல் பயிற்சியாளரிடம் திட்டு வாங்கியபடி,
தம்பி


செப்டம்பர் 2

அன்புள்ள தம்பிக்கு,

நலம். பரீட்சைகள் இருந்ததால் உடனே எழுத முடியவில்லை. அம்மாவுக்கும் அப்பாவுக்கும் என் அன்பு.

மூக்கில் தண்ணீர் ஏறியதா? எனக்கு அப்படியெல்லாம் எதுவும் ஆகவில்லை.

அவளைச் சோம்பேறி என்று எழுதாதே. நீ அவளைப் பார்த்ததில்லை. அவளுக்கு எழ வேண்டும் என்றுதான் இருக்கிறது. முந்தின நாளே துணி எடுத்து வைப்பாள், புத்தகத்தைப் பையில் போடுவாள். காலையில் காலைத் தரையில் வைக்க வேண்டும், அவ்வளவுதான் பாக்கி. அது நடக்காது. பத்து மணி வகுப்பு போனால் இரண்டு மணி வகுப்புக்காவது போகலாம் என்று நினைப்பாள். அதுவும் போகும். பிறகு நாளைக்கு. நாளையும் இப்படித்தான். மற்றவர்கள் படிக்கட்டில் சிரித்துக்கொண்டு இறங்கும் சத்தம் கேட்கும்போது அவளுக்கு எப்படி இருக்கும் என்று யோசித்துப் பார். தண்ணீர் கொட்டினால் எழுந்துவிடுவாள் என்றால் அவளே கொட்டிக்கொண்டிருப்பாள்.

கை வலிக்கிறது. நிறுத்துகிறேன்.

அக்கா


செப்டம்பர் 12

அன்புள்ள அக்காவுக்கு,

எல்லோரும் சுகம். நான் கொஞ்சம் கூடுதல் சுகம். இனி என்னைப் பூசணி என்று கூப்பிட உனக்கு உரிமை இல்லை. கால்சட்டைகள் எல்லாம் இடுப்பில் நிற்க மறுக்கின்றன. பெல்ட்டில் முதலாளி ஆணியால் புது ஓட்டை போட்டுக் கொடுத்தார்.

குளத்தில் ஒரு கரையிலிருந்து மறு கரைக்கு நிற்காமல் போகிறேன். போனை நானும் இருட்டியதும் பூட்டுகிறேன். அப்படிக் கிடைத்த நேரத்தில் என்ன செய்வது என்று தெரியாமல் பழைய கணிதப் புத்தகத்தைத் திறந்தேன். பாதி புரிந்தது. மாலை வகுப்பில் சேர்ந்திருக்கிறேன். அடுத்த வருஷம் மறுபடி எழுதுவேன்.

இவ்வளவும் செய்த பிறகு அம்மா என்னை மேலும் கீழும் பார்த்து என்ன சொன்னாள் தெரியுமா? "அப்படியே உங்க அக்கா மாதிரி ஆயிட்ட." வியர்வை என்னுடையது, பெயர் உனக்கு!

ஞாயிற்றுக்கிழமை மதியம் உன்னோடு பேசிவிட்டு அம்மா, "என்னடா, இப்பத்தான் தூங்கி எழுந்த மாதிரி குரல்" என்றாள். குளத்துத் தண்ணீரில் சளி பிடித்திருக்கும் என்று நான்தான் சமாளித்தேன். எனக்கு நீ கடன்பட்டிருக்கிறாய்.

நீ எந்த நீச்சல் பழகுகிறாய்? மல்லாந்தா, குப்புறவா?

வெற்றியுடன்,
தம்பி


அக்டோபர் 17

தம்பிக்கு,

சுகம். அங்கும் சுகமாக இருப்பீர்கள்.

உனக்கென்று சொந்தமாக ஒன்றும் கிடையாதா? நான் நடந்தால் நடக்கிறாய், நீந்தினால் நீந்துகிறாய், கணிதம் என்றால் கணிதம். சின்ன வயதில் நான் சிவப்புப் பென்சில் வைத்திருந்தால் உனக்கும் சிவப்பு வேண்டும். இன்னும் மாறவில்லை. உன் கடிதத்தைப் பாதிக்கு மேல் படிக்க முடியவில்லை. இடுப்பு இறங்கியதும் கரை ஏறியதும் எனக்கு எதற்கு? எல்லாம் எல்லோருக்கும் உன்னைப் போல லகுவாக வரும் என்று நினைப்பா? என்னிடம் இனி நீச்சலைப் பற்றி எழுதாதே.

ஒரே ஒரு கேள்வி. கடைக்காரனாகப் பதில் சொல். விடுதியில் இந்த ஜூலையில்தான் புது மெத்தை கொடுத்தார்கள். என் மெத்தையின் நடுவில் குழி விழுந்துவிட்டது. எந்தப் பக்கம் புரண்டாலும் மறுபடி அதற்குள்ளேயே வந்து விழுகிறேன். திருப்பிப் போட்டேன். அந்தப் பக்கமும் விழுந்துவிட்டது. இதற்கு ஏதாவது வழி உண்டா?

அக்கா


அக்டோபர் 25

அன்புள்ள, மதிப்புக்குரிய, பொறாமை பிடித்த அக்காவுக்கு,

நாங்கள் சுகம். உன் கடிதம் கண்டு நான் அடைந்த ஆனந்தத்துக்கு அளவில்லை. உனக்கு, என்னைப் பார்த்து, வயிறு எரிகிறது! பிறந்ததிலிருந்து இதற்காகத்தான் காத்திருந்தேன். மூன்று தடவை படித்தேன். கடைக்குக்கூட எடுத்துப் போனேன்.

மெத்தைக்கு வழி: முட்டையையும் வாழைப்பழத்தையும் குறை. விடுதியில் கொடுப்பது மலிவு ஃபோம், உன் செழிப்பை அது தாங்காது. என்னிடமிருந்து போன சதை எல்லாம் எங்கே போயிற்று என்று இப்போது புரிகிறது. முதலாளியிடம் சொல்லி தேங்காய் நார் மெத்தை ஒன்று அனுப்பவா? யானைக்கும் தாங்கும்.

நேற்று மல்லாந்து நீந்தினேன். (எழுதாதே என்றாயே, அதனால் இவ்வளவுதான்.)

பரம திருப்தியுடன்,
தம்பி


நவம்பர் 22

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கே எல்லோரும் நலம். உன்னிடமிருந்து பதில் இல்லை. இரண்டு ஞாயிறாக அம்மாவின் போனையும் நீ எடுக்கவில்லை. பரீட்சை என்று நான் சொல்லி வைத்திருக்கிறேன்.

இன்று கடைக்கு ஒரு பெரியவர் வந்தார். போன வருஷம் வாங்கிய மெத்தை நடுவில் குழி விழுந்துவிட்டது, திருப்பிப் போட்டும் பயனில்லை என்றார். ஏமாற்றிவிட்டீர்கள் என்று சத்தம் போடுவார் என நான் பயந்தேன். முதலாளி அவருக்கு நாற்காலி போட்டுவிட்டு மெதுவாகக் கேட்டார்: "வீட்ல யாருக்கு உடம்பு சரியில்லை?" பெரியவர் உட்கார்ந்து, மனைவி விழுந்து இடுப்பு உடைந்து பல மாதமாகப் படுக்கையில் இருப்பதைச் சொன்னார். ராத்திரி மட்டும் தூங்குகிறவர்களால் ஒரு மெத்தை அவ்வளவு சீக்கிரம் அப்படி ஆகாது. இதை நான் சேர்ந்த வாரமே முதலாளி எனக்குச் சொல்லித் தந்திருக்கிறார். குழி என்று யார் வந்து நின்றாலும் முதலில் அந்தக் கேள்வியைத்தான் நான் கேட்கிறேன்.

உன்னிடம் கேட்கவில்லை. எனக்கு உன்னை ஜெயித்த சந்தோஷத்தில் கண் தெரியவில்லை.

ஐந்தரைக்கு எழுந்து, நாளெல்லாம் வெளியே இருந்து, பத்து மணிக்குப் படுக்கிறவளின் மெத்தை அது இல்லை. நாளெல்லாம் படுத்திருப்பவள் சன்னல் கட்டில்காரி அல்லவா? அவள் மெத்தை எப்படி இருக்கிறது அக்கா?

நம் வீட்டில் யாருக்கு உடம்பு சரியில்லை?

தம்பி


டிசம்பர் 1

அன்புள்ள தம்பிக்கு,

சன்னல் கட்டில்காரியின் மெத்தை புதிது போலவே இருக்கிறது. அவள் அதில் இருப்பதே இல்லை.

ஐந்தரைக்கு எழுகிறவள் அவள்தான். மரப் பாதையும் குளமும் வாழைப்பழமும் அவளுடையவை. ஈர முடியோடு அறைக்குள் வரும்போது அவள் மேல் குளத்து மருந்து வாசனை அடிக்கும். போர்வைக்குள் கிடந்து அதை முகர்வேன். அவளைப் பிடித்து உலுக்க வேண்டும் போல ஆத்திரம் வரும். அவள் என்னைத் திட்டினதில்லை. ரொட்டியை என் மேசையில் வைத்துவிட்டு, சத்தம் வராமல் கதவைச் சாத்துவாள். அதுவும் எரியும்.

நீ கேட்டபோது அவள் நாளை எடுத்து என் பெயரைப் போட்டு எழுதினேன். என் நாளை அவள் தலையில் கட்டினேன். எழுதிய அந்தக் கொஞ்ச நேரம் நன்றாக இருந்தது. நான் எழுந்து போய் வந்த மாதிரியே இருந்தது. பிறகு நீ அதையெல்லாம் நிஜமாகவே செய்ய ஆரம்பித்தாய். நான் பொய்யாகச் சொன்னதைச் செய்து நீ நன்றாகிக்கொண்டே போனாய். சொன்ன நான் இங்கே குழிக்குள். உன்னைப் பார்த்து எரிந்ததற்கு முன்னால் அவளைப் பார்த்து எரிந்ததெல்லாம் ஒன்றுமே இல்லை. உன் கடிதம் வரும் நாளில் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்வேன். நீயும் சோம்பேறி என்று எழுதினாய். ஊரில் எல்லோரும் சேர்ந்து சொன்ன மாதிரி இருந்தது.

எப்போது தொடங்கியது என்று தெரியவில்லை. போன வருஷக் கடைசியில் ஒரு தேர்வு சரியாகப் போகவில்லை. அதை நினைத்துத் தூக்கம் வராமல் போனைப் பார்க்கத் தொடங்கினேன். இந்தப் பருவத் தேர்வு எதையும் நான் எழுதவில்லை. காலையில் கண் திறந்ததும் 'இன்னும் ஒரு நாளா' என்றுதான் தோன்றுகிறது.

அம்மாவிடம் சொல்லாதே. தெருவில் எல்லோரிடமும் சொல்லி வைத்திருக்கிறாள். நீயும் வராதே. உன் இளைத்த இடுப்பைப் பார்க்கும் தெம்பு எனக்கு இல்லை.

அக்கா


டிசம்பர் 6

அன்புள்ள அக்காவுக்கு,

இதைத் தபாலில் போட்டால் நேரமாகும். நானே கொண்டுவந்திருக்கிறேன். நேரில் பேசினால் சண்டை வரும் என்பதால் பஸ்ஸிலேயே எழுதத் தொடங்கி, உன் விடுதி வாசலில் முடிக்கிறேன். எழுத்து குதித்திருந்தால் ரோட்டைத் திட்டு. விடுதிக்குள் ஆண்களை விட மாட்டார்களாம். சன்னல் கட்டில்காரியிடம் கொடுத்தனுப்புகிறேன். வாசலில் அவளைப் பார்த்ததும் தெரிந்துகொண்டேன். தலை ஈரமாக இருந்தது. "நீங்கதான் அந்தத் தம்பியா? உங்க அக்கா எப்பவாவது பேசினா உங்களைப் பத்தித்தான் பேசுவாங்க" என்றாள்.

ஒரு மகாராணியைச் சோம்பேறி என்று திட்டினேனே, யாரைத் திட்டினேன் என்று தெரியாமல் திட்டினேன். மன்னித்துவிடு.

வீட்டில் சொல்லிவிட்டேன். நீ கோபப்படுவாய், படு. "போன்ல பேசாதீங்கன்னு நான்தானே சொன்னேன். பேசியிருந்தா குரல்லயே கண்டுபிடிச்சிருப்பான்" என்று அம்மா அழுதாள். எனக்கு டைபாய்டு வந்தபோதுகூட இப்படி அழவில்லை, அதையும் குறித்து வைத்திருக்கிறேன். பிறகு முகத்தைக் கழுவிக்கொண்டு, "படிப்பு கிடக்கட்டும். பொண்ணை டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போ" என்றாள். தெருவைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை.

உங்கள் பல்கலைக்கழகத்திலேயே மனநல மருத்துவர் இருக்கிறார். விசாரித்துவிட்டேன். இன்று பார்க்கலாம். தலை சீவ வேண்டாம், துணி மாற்ற வேண்டாம், போர்வையைப் போர்த்திக்கொண்டே வா. நான் கூட நடக்கிறேன். இடுப்பு தெரியாமல் இருக்க அப்பாவின் தொளதொள சட்டையைப் போட்டு வந்திருக்கிறேன்.

ஒன்று சொல்ல வேண்டும். உன்னைப் பார்த்து எரிந்து எரிந்துதான் நான் எழுந்தேன். நடந்தது, நீந்தியது, புத்தகத்தைத் திறந்தது எல்லாம் உன்னை முந்தத்தான். நீ இப்படியே படுத்துவிட்டால் நான் யாரைப் பார்த்து அஞ்சு மணிக்கு எழுவது? பொறாமைப்பட எனக்கு வேறு யாருமில்லை அக்கா. எழுந்து வா.

கீழே பெஞ்சில்தான் இருக்கிறேன். நீ வரும் வரை போக மாட்டேன்.

தம்பி


மார்ச் 14

அன்புள்ள தம்பிக்கு,

நலம் என்று எழுதப் போவதில்லை. பரவாயில்லை என்று எழுதுகிறேன். அம்மாவின் முழங்காலுக்கும் அப்பாவின் மாத்திரைக்கும் இதே பதில் வந்தால் போதும் எனக்கு.

மாத்திரையை ஒழுங்காக எடுத்துக்கொள்கிறேன். டாக்டரம்மாவை வாரம் ஒரு தடவை பார்க்கிறேன். தூங்காததால் மனசு கெட்டதா, மனசு கெட்டதால் தூங்கவில்லையா என்று ஒரு நாள் கேட்டேன். "ரெண்டும் ஒண்ணை ஒண்ணு பிடிச்சு இழுத்துட்டுப் போகும்மா. எதை முதல்ல விடுவிக்க முடியுதோ அதை விடுவிப்போம்" என்றார். போன் இப்போது நிஜமாகவே அலமாரியில். சாவி சன்னல் கட்டில்காரியிடம். இந்த வருஷத்தைத் திரும்பப் படிக்க வேண்டும். நீ அடுத்த வருஷம் வந்து சேர்ந்தால் எனக்கு ஒரு வகுப்புதான் பின்னால் இருப்பாய். நினைத்தாலே பற்றிக்கொண்டு வருகிறது.

எல்லா நாளும் ஒன்றுபோல் இல்லை. போன வாரம் இரண்டு நாள் எழவே இல்லை. மூன்றாம் நாள் எழுந்தேன். மெத்தையை மாற்றித் தந்துவிட்டார்கள். உன் யானை மெத்தை வேண்டாம்.

நீ மாவட்ட அளவில் நீச்சல் போட்டிக்குப் போகிறாய் என்று அம்மா போனில் மூச்சு விடாமல் சொன்னாள். இப்போது தெருவில் உன் பெயர்தான் ஓடுகிறதாம். அன்று ராத்திரி எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. மறுநாள் காலையில் அந்தக் கோபத்தோடே சன்னல் கட்டில்காரியின் பின்னால் குளத்துக்குப் போனேன்.

தம்பி, மூக்கில் தண்ணீர் ஏறியது. உச்சந்தலை வரை எரிந்தது. கண்ணில் நீர் கொட்ட, சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றேன். யாரும் ஏன் இதை முன்கூட்டியே சொல்வதில்லை?

அக்கா